பழைய போர் விமானங்களைப் பார்க்கப் பழகுதல்: மலையகத்திலிருந்து தொடங்குவோருக்கு

இரண்டாம் உலகப் போரில் பறந்த விமானத்தைச் சதுப்பிலிருந்தும் பனிக்கட்டியிலிருந்தும் தோண்டி எடுத்து, ஆண்டுக்கணக்கில் பணத்தையும் ஆளையும் கொட்டி, மறுபடி வானத்தில் ஏற்றுகிற தனியாட்கள் பலர் உலகில் இருக்கிறார்கள். இங்கிலாந்து, அமெரிக்கா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து என்று அவர்களுடைய கொட்டகைகள் பரவிக் கிடக்கின்றன. ஹட்டனிலோ பண்டாரவளையிலோ இருந்துகொண்டு இந்த ஈடுபாட்டுக்குள் நுழைய முடியுமா என்றால், தாராளமாக முடியும். விமானம் வாங்கும் வசதி நமக்கு வரப்போவதில்லை. அதனால் பெரிய நட்டமும் இல்லை; இந்தத் துறையில் மதிக்கப்படுகிறவர்களில் பலர் விமானம் வைத்திருப்பவர்கள் அல்லர், விமானத்தைப் பார்க்கத் தெரிந்தவர்கள்.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தவறான முனையில் பிடிக்கிறார்கள். எந்த விமானம் எவ்வளவு வேகம், எத்தனை துப்பாக்கி என்று மனப்பாடம் செய்வார்கள். சில மாதங்களில் அலுத்துவிடும். மீட்டெடுத்த விமானத்தின் முன் நின்று கேட்கவேண்டிய கேள்வி வேறு: இதில் எது பழையது, எது புதியது, அதற்குச் சாட்சி என்ன? கீழே வரும் படிகள் எல்லாம் இதைக் கேட்கப் பழகுவதற்கான பயிற்சிகளே.

முதல் படி: தேயிலைத் தொழிற்சாலைக்குள் போங்கள்

விமானத்தைத் தேடிக் கொழும்புக்கு ஓடுவதற்கு முன், உங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலைக்குள் ஒருமுறை போய் வாருங்கள். தொழிற்சாலையை நடத்தும் டீ மேக்கரிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். கொழுந்து குவிந்திருக்கும் நாளில் போய் யாருடைய வேலையையும் கெடுக்க வேண்டாம். கொழுந்தை உருட்டும் பழைய ரோலர் ஏதும் மிஞ்சியிருந்தால் அதன் வார்ப்பிரும்பு உடம்பைப் பாருங்கள். பல தடவை பூசிய பச்சைப் பெயின்டுக்கு அடியில் எழுத்துகள் புடைத்து நிற்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விரலுக்குத் தெரியும். செய்த நிறுவனத்தின் பெயரும் அதன் ஆங்கிலேய ஊரும் சேர்ந்து மார்ஷல், கேன்ஸ்பரோ என்று இருக்கலாம். மூலையில் துருவேறிக் கிடக்கும் எண்ணெய் எஞ்சினில் ரஸ்டன், லிங்கன் என்றோ பெட்டர், யோவில் என்றோ பித்தளைத் தகடு இருக்கலாம்.

இந்த மூன்று நிறுவனங்களின் பெயர்களும் விமானச் சரித்திரத்திலும் வருகின்றன. ஜாக்சன் தேயிலை ரோலர்களை வார்த்துக் கொடுத்த மார்ஷல் நிறுவனம், முதலாம் உலகப் போரில் பிரிஸ்டல் ஃபைட்டர் விமானங்களைக் கட்டியது. ரஸ்டன் புரொக்டர் நிறுவனம் லிங்கன் நகரத்தில் ஏறத்தாழ 1,600 சொப்வித் கேமல் விமானங்களைக் கட்டியது; 1918இல் ஹோர்ன்ஸ்பி நிறுவனத்தோடு சேர்ந்து ரஸ்டன் அன்ட் ஹோர்ன்ஸ்பி ஆனது. பெட்டர் எஞ்சின் செய்த குடும்பத்தின் நிறுவனம் 1915இல் தொடங்கிய விமானப் பட்டறைதான் வெஸ்ட்லான்ட். அந்த வெஸ்ட்லான்ட் செய்த டிராகன்ஃப்ளை ஹெலிகொப்டர் பின்னர் இலங்கை விமானப்படைக்கு வந்தது. இரத்மலானையில் அதைப் பார்க்கலாம். ஆக, நம் பாட்டனார் காலத்துக் கொழுந்தை உருட்டிய இரும்பும் பிரான்சின் வானத்தில் பறந்த மரமும் துணியும் ஒரே ஊர்களின் கைவேலை.

தகட்டைப் படித்ததும் திரும்பிவிடாதீர்கள். யந்திரங்களைப் பழுதுபார்க்கும் தொழிற்சாலை பிட்டரைப் பிடியுங்கள். இந்த ரோலரில் எது பழையது என்று கேளுங்கள். சட்டம் பழையது, மேசைத் தகடு மாற்றியது, புஷ் உள்ளூரில் கடைந்தது, பெல்ட்டை எடுத்துவிட்டு மோட்டார் பூட்டியது இந்த வருடம் என்று அவர் மளமளவென்று சொல்லுவார். சொன்னதை அப்படியே, தேதியோடு, நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள். விமானம் மீட்டெடுக்கும் பட்டறைகளில் பாகத்துக்குப் பாகம் எழுதிவைக்கும் பதிவேடும் இதே கேள்விகளுக்கான பதில்தான். உதிரிப் பாகம் கிடைக்காத யந்திரத்தை எப்படி ஓடவைப்பது என்பதில் நம் பிட்டர்களுக்கு இருக்கும் தேர்ச்சியை யாரும் எழுதிவைக்கவில்லை என்பது என் பழைய ஆதங்கம். அதை இன்னொரு நாள் பார்ப்போம்.

உங்கள் தோட்டத்தில் பழைய யந்திரங்கள் எல்லாம் இரும்புக் கடைக்குப் போய்விட்டனவென்றால், கண்டி ஹந்தானையில் இருக்கும் தேயிலை அருங்காட்சியகத்துக்குப் போகலாம். 1925இல் கட்டிய தொழிற்சாலைக் கட்டடம் அது. கீழ்த்தளத்தில் எஞ்சின்கள் இருக்கின்றன. மேல்மாடியில் தேநீர் குடிப்பதற்கு முன் கீழ்த்தளத்தில் ஒரு மணி நேரம் செலவழியுங்கள்.

இரண்டாம் படி: நான்கு நிலைகளைப் பிரித்தறியுங்கள்

ஒரு பழைய விமானம் இன்று நான்கு நிலைகளில் ஒன்றில் இருக்கும். எல்லாவற்றையும் மீட்டெடுத்த விமானம் என்றே விளம்பரம் செய்வார்கள். பிரித்தறிய வேண்டியது நம் பொறுப்பு.

முதலாவது, கிடைத்தபடியே காப்பாற்றி வைத்தது. 1942 பெப்ரவரியில் ரபவுல் துறைமுகம் மீது தாக்குதல் நடத்தித் திரும்பும் வழியில் பப்புவா நியூகினியின் சதுப்பில் இறங்கிய பீ-17 (B-17) குண்டுவீச்சு விமானம் ஒன்றைச் சதுப்புப் பேய் என்று அழைப்பார்கள். 2006இல் அதை வெளியே எடுத்தார்கள். இப்போது ஹவாயின் பேர்ல் ஹாபரில், அடிபட்ட உடம்போடே நிற்கிறது. யாரும் அதைப் புதுப்பிக்கவில்லை. புதுப்பித்திருந்தால் அது சொல்லும் கதை போயிருக்கும்.

இரண்டாவது, பழைய உடம்பைப் பழுதுபார்த்துப் பறக்கவைத்தது. 1942 ஜூலை 15ஆம் தேதி கிரீன்லாந்துப் பனியில் ஆறு பீ-38 (P-38) போர் விமானங்களும் இரண்டு பீ-17 விமானங்களும் அவசரமாகத் தரையிறங்கின. ஆட்கள் தப்பினார்கள், விமானங்கள் மேல் பனி விழுந்துகொண்டே இருந்தது. ஐம்பது வருடம் கழித்து, 1992இல், 268 அடி ஆழத்தில் இருந்து ஒரு பீ-38 விமானத்தைத் துண்டு துண்டாக எடுத்தார்கள். பனிக்கட்டிக்குள் சூடுநீரால் துளையிட்டு, அதற்குள் ஆட்களை இறக்கிச் செய்த வேலை. கென்டக்கியில் பத்து வருடம் பாடுபட்டு 2002இல் பறக்கவிட்டார்கள். கிளேசியர் கேர்ள் என்று தேடினால் படங்கள் கிடைக்கும்.

மூன்றாவது, மிஞ்சியதை வைத்துப் பெரும்பகுதியைப் புதிதாகக் கட்டியது. இதில்தான் வாதம் நடக்கிறது. 1940 மே மாதம் பிரான்சின் கலே கடற்கரையில் விழுந்த பீ9374 (P9374) என்ற இலக்கமுடைய ஸ்பிட்பயர் போர் விமானம், நாற்பது வருடம் மணலுக்குள் கிடந்து 1980இல் தலைகாட்டியது. கடல் உப்பு தின்றது போக மிஞ்சியதை வைத்து அதை மறுபடி கட்டி, 2011இல் பறக்கவிட்டு, 2015இல் லண்டன் ஏலத்தில் முப்பது இலட்சம் பவுணுக்கு மேல் விற்றார்கள். இதன் உலோகத்தில் பெரும்பகுதி புதியது. அப்படியென்றால் இது 1940இன் விமானமா? சட்டப்படியும் பதிவேட்டின்படியும் ஆம். அடையாளத் தகடும் தொடர் இலக்கமும் அறுபடாத உரிமைப் பத்திரங்களும் அதைச் சொல்கின்றன. ஒரு தகட்டை மட்டும் வைத்துக்கொண்டு முழு விமானத்தையும் புதிதாகக் கட்டி அதே பெயர் சூட்டுவதை எல்லோரும் ஏற்பதில்லை; நானும் ஏற்பதில்லை. ஆனால் உரிமையாளர் எது புதியது என்று வெளிப்படையாகப் பட்டியல் போட்டுவிட்டால், சண்டைக்கு வேலையில்லை.

நான்காவது, நகல். பழைய வரைபடத்தை வைத்துப் புதிதாகச் செய்தது. நகல் என்று சொல்லிக் காட்டினால் அதில் குறைவில்லை. இங்கிலாந்தின் ஓல்ட் வார்டனில் உள்ள ஷட்டில்வேர்த் தொகுப்பில் பறக்கும் பிரிஸ்டல் ஃபைட்டர் அசல். அங்கேயே பறக்கும் கேமல், பிற்காலத்தில் கட்டிய நகல். இரண்டையும் அப்படியே சொல்லித்தான் காட்டுகிறார்கள்.

கெட்டுப்போன மீட்டெடுப்பு எப்படி இருக்கும் என்பதற்கும் ஓர் உதாரணம் வேண்டும். எகிப்தியப் பாலைவனத்தில் 1942இல் இறங்கிய கிட்டிஹோக் போர் விமானம் ஒன்று, எழுபது வருடம் யாரும் தொடாமல் கிடந்து 2012இல் கண்டுபிடிக்கப்பட்டது. பாலைவனக் காற்று அதன் பெயின்டைத் தேய்த்திருந்ததே தவிர, உடம்பு பெரும்பாலும் அப்படியே இருந்தது. பிறகு எல் அலமெய்ன் அருங்காட்சியகத்தில் அதற்குப் பளபளவென்று புதுப் பெயின்ட் அடித்து நிறுத்தினார்கள். விமான ஆர்வலர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பத்துப் பக்கம் படித்தாலும் கிடைக்காத பாடம் அதில் இருக்கிறது.

மூன்றாம் படி: இரத்மலானைக்குப் போங்கள்

நம் நாட்டில் பழைய போர் விமானங்கள் பெரும்பாலும் விமானப்படையின் கையில் இருக்கின்றன. பார்க்கவேண்டிய இடம் இரத்மலானை விமானப்படை அருங்காட்சியகம். கட்டுநாயக்கவுக்குப் போய் இறங்கிவிட்டுத் தேடுகிறவர்களும் உண்டு. அது வேறு பக்கம். ஹட்டனிலிருந்து விடியற்காலை பஸ் எடுத்து, கினிகத்தேனை, அவிசாவளை வழியாகக் கொழும்புக்கு வந்து, புறக்கோட்டையில் 100 அல்லது 101ஆம் இலக்கப் பஸ்ஸில் ஏறினால் காலி வீதியில் இரத்மலானையில் இறங்கலாம். கோட்டையிலிருந்து கரையோரப் புகையிரதத்திலும் இரத்மலானை நிலையத்துக்குப் போகலாம். பதுளைப் பக்கத்தவர்கள் புகையிரதத்தை நம்பிப் புறப்படுவதானால், மண்சரிவால் பாதை அடைபட்டிருக்கிறதா என்று முதல்நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். அருங்காட்சியகத்துக்கும் ஒரு தொலைபேசி அழைப்பு. போயா தினத்தையும் அரச விடுமுறைகளையும் குறிப்பிட்டே கேளுங்கள். இடம் விமானப்படை முகாமோடு சேர்ந்தது, ஆகவே தேசிய அடையாள அட்டையை மறக்க வேண்டாம். எங்கே படம் எடுக்கலாம் என்பதையும் வாசலிலேயே கேட்டுவிடுங்கள்.

அந்த மண்ணுக்கே ஒரு கதை உண்டு. 1935 நவம்பரில் இரத்மலானையில் முதன்முதலாக இறங்கிய விமானம் சென்னையிலிருந்து வந்த புஸ் மொத் என்ற சிறு விமானம். 1942 ஏப்ரல் 5ஆம் தேதி, உயிர்த்த ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது எதிர்த்து ஏறிய ஹரிக்கேன் போர் விமானங்களில் ஒரு பகுதி இங்கிருந்தும் மறுபகுதி கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலில் இருந்தும் கிளம்பின. முந்திய நாள் கொக்கலையிலிருந்து பறந்த கனேடியக் கட்டலினா கடல் விமானம் ஒன்று ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பியிருந்தது. அன்று ஏறிய ஹரிக்கேன்களைத் தேடி இங்கே வந்தால் ஏமாற்றம்தான். பிற்காலத்தவைதான் இங்கே நிற்கின்றன.

உள்ளே போனதும் வரிசையாக எல்லாவற்றையும் படம் எடுக்கத் தொடங்காதீர்கள். மூன்றைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றின் முன்னும் அரை மணி நேரம் நில்லுங்கள். என் தேர்வு இது.

ஒன்று, சிப்மங்க். 1951 மார்ச் 2ஆம் தேதி அரச இலங்கை விமானப்படை பிறந்தபோது முதலில் வந்த விமான வகை. இதன் வால் சுக்கானின் அருகில் போய்ப் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். அது தகடு அல்ல, துணி. சட்டத்தின் விலா எலும்புகள் துணிக்கு அடியில் கோடு கோடாகத் தெரியும். அந்தக் கோட்டின் மேல் சின்னச் சின்னப் புடைப்புகள் சம இடைவெளியில் வரிசையாக ஓடும். துணியை விலாவோடு சேர்த்துக் கட்டிய நூலின் முடிச்சுகள் அவை. முடிச்சின் இடைவெளி ஒழுங்காக இருந்தால் கை தேர்ந்தவர் செய்த வேலை. துணி தொய்ந்திருந்தால், பூச்சு வெடித்திருந்தால், இது கண்காட்சிக்காக மட்டும் நிற்கிறது என்று அறியலாம்.

இரண்டு, பாலியோல். பெயர் அதிகம் தெரியாத பயிற்சி விமானம். ஆனால் இது ரோல்ஸ் ரோய்ஸ் மெர்லின் எஞ்சினுக்காகக் கட்டியது. ஸ்பிட்பயரும் ஹரிக்கேனும் பறந்தது அந்த எஞ்சின் குடும்பத்தில்தான். மலையகத்திலிருந்து ஒரு நாள் பயணத்தில் மெர்லின் வகை மூக்கைப் பார்க்க வேண்டுமென்றால் இதுதான். புகைபோக்கிக் குழாய்கள் இரு பக்கமும் எப்படி வெளியே வருகின்றன என்று வரைந்துகொள்ளுங்கள். படம் எடுப்பதைவிட வரைவது நல்லது. வரைகிற கைதான் கண்ணைக் கட்டாயப்படுத்தும்.

மூன்று, ஜெட் புரோவோஸ்ட். 1959 அளவில் வாங்கி, பிறகு ஓரங்கட்டி, 1971 கிளர்ச்சியின்போது அவசரமாக மறுபடி பறக்கவிட்ட விமானங்கள் இவை. இதன் சிறகுத் தகட்டைப் பூட்டியிருக்கும் ரிவெட் ஆணிகளின் தலைகளைப் பாருங்கள். பறக்கும் விமானத்தில் ஒரு ரிவெட் தளர்ந்தால், அது அசைந்து அசைந்து அலுமினியத் தூள் வெளிவந்து, காற்று ஓடும் திசையில் கருஞ்சாம்பல் நிற வால் ஒன்று இழுத்திருக்கும். பராமரிப்பாளர்கள் முதலில் தேடுவது அதைத்தான். காட்சிக்கு நிற்கும் விமானத்தில் அந்த வால் பெரும்பாலும் பெயின்டுக்குள் மறைந்துவிடும். அப்போது ரிவெட் தலையைச் சுற்றிய பள்ளம் பெயின்டால் நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். நிரம்பியிருந்தால் பலமுறை பூசியிருக்கிறார்கள். வெளியே வெயிலிலும் கடற்காற்றிலும் நிற்பதையும் கூரைக்குள் நிற்பதையும் ஒப்பிடுங்கள். உப்புக் காற்று அலுமினியத்தை என்ன செய்யும் என்பது கண்ணெதிரே விளங்கும். இங்கிலாந்தில் இதே ஜெட் புரோவோஸ்ட் வகையைத் தனியார் வைத்துப் பறக்கிறார்கள். தனியார் ஜெட் வாங்க ஆசைப்படுகிறவர்கள் பலருக்கு முதல் தெரிவும் இதுதான். வீடு திரும்பியதும் அவற்றின் படங்களைத் தேடி, நீங்கள் வரைந்ததோடு பொருத்திப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்லத்தான் வேண்டும். அங்கே நிற்பவற்றில் 1983க்குப் பிந்தைய போரில் பறந்தவையும் உண்டு. 1977இலும் 1983இலும் மலையகத்திலிருந்து அடித்து விரட்டப்பட்டு வன்னியில் குடியேறிய உறவினர் நம்மில் பலருக்கு இருக்கிறார்கள். அந்த விமானங்களின் ஓசையை அவர்கள் கீழே இருந்து கேட்டவர்கள். அவற்றின் முன்னால் நிற்க மனம் இடம் கொடுக்காவிட்டால் கடந்து போய்விடுங்கள். பழைய யந்திரத்தில் ஈடுபாடு வைப்பவர் அது செய்த எல்லாவற்றையும் கொண்டாட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பிள்ளைகளை அழைத்துப் போனால், கேட்பார்கள். மழுப்பாமல் பதில் சொல்லுங்கள்.

நான்காம் படி: வெளிநாட்டுத் தொகுப்புகளில் இரண்டை மட்டும் பின்தொடருங்கள்

எல்லாவற்றையும் பின்தொடரப் போனால் எதுவும் மனதில் நிற்காது. ஒன்று பழையதாக இருக்கட்டும், ஒன்று கைமாறியதாக இருக்கட்டும்.

பழையதற்கு ஷட்டில்வேர்த். ரிச்சர்ட் ஷட்டில்வேர்த் என்ற இளைஞர் 1928 அளவில் தொடங்கினார், 1940இல் விமானப்படைப் பயிற்சியில் இறந்தார், தாயார் அறக்கட்டளையாக்கினார். 1909ஆம் ஆண்டின் பிளேரியோ விமானம் ஒன்று அங்கே காற்றில்லாத மாலைகளில் இன்னும் சில அடி உயரம் எழும்புகிறது. அமெரிக்கத் தொகுப்பு வேண்டுமென்றால் கலிபோர்னியாவின் சீனோ நகரத்தில் உள்ள பிளேன்ஸ் ஆஃப் ஃபேம். 1957இலிருந்து இயங்குகிறது. அங்கே இருக்கும் ஜப்பானிய சீரோ போர் விமானம், தன் அசல் சகாயே எஞ்சினோடு பறப்பது. கொழும்புக்கு வந்தவை அதற்கு முந்திய மாதிரி, ஆனால் குடும்பம் ஒன்றே.

தனியார் தொகுப்பின் பலவீனத்தைப் படிக்க, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கும் ஃப்ளையிங் ஹெரிடேஜ் தொகுப்பின் கதையைப் படியுங்கள். மைக்ரோசொஃப்ட் நிறுவனர்களில் ஒருவரான போல் ஆலன் சேர்த்தது. அவர் 2018இல் இறந்தார். 2020இல் கதவு மூடியது. 2022இல் மொத்தத் தொகுப்பும் வேறொருவருக்கு விற்கப்பட்டு, 2023இல் மறுபடி திறந்தது. ஒரு மனிதரின் ஆசையில் நிற்கும் தொகுப்பு அவரோடே ஆட்டம் காணும். அவுஸ்திரேலியாவின் டெமோராவில் இருந்த தனியார் தொகுப்பு 2019இல் அந்நாட்டு விமானப்படைக்குக் கைமாறியது. இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்தியாவில் நடந்தது இன்னொரு வழி: பழைய டகோட்டா போக்குவரத்து விமானம் ஒன்றைத் தனியொருவர் பிரித்தானியாவில் மீட்டெடுக்கவைத்து இந்திய விமானப்படைக்குக் கொடுத்தார், 2018இல் அது இந்தியாவுக்குப் பறந்து வந்தது.

விபத்துகளையும் படிக்க வேண்டும். 2019 ஒக்டோபரில் கனெக்டிகட் மாநிலத்தில் பயணிகளோடு பறந்த பீ-17 விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். 2022 நவம்பரில் டல்லாஸ் வான்காட்சியில் இரண்டு பழைய விமானங்கள் மோதி ஆறு பேர் இறந்தார்கள். விசாரணை அறிக்கைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பராமரிப்புப் பதிவேட்டில் என்ன எழுதியிருந்தது, என்ன எழுதாமல் விட்டார்கள் என்று அதிகாரிகள் வரிவரியாகக் கேட்பதைப் பார்த்தால், தொழிற்சாலையில் நீங்கள் எழுதிய நோட்டுப் புத்தகத்தின் அருமை தெரியும். பறக்கவிடலாமா, கூடாதா என்ற பழைய சண்டையில் நான் இன்னும் எந்தப் பக்கமும் சேரவில்லை.

கனடாவில் உறவினர் இருந்தால் அவர்களுக்கு ஒரு வேலை கொடுங்கள். 7,377 லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்கள் கட்டப்பட்டன; இன்று பறக்கும் நிலையில் இரண்டே இரண்டு. ஒன்று டொரொண்டோவிலிருந்து சிறிது தூரத்தில், ஹாமில்டனில் இருக்கிறது. மாமாவை அனுப்பிச் சக்கரக் குழியின் உட்புறத்தைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். மூக்கை எல்லோரும் எடுப்பார்கள்.

ஐந்தாம் படி: வீட்டிலேயே ஒரு தொகுப்பு

நாம் சேர்க்கக்கூடியவை படம், கடதாசி, மாதிரி விமானம், பேட்டி. இந்த நான்குக்கும் மலையகத்தில் பொது எதிரி ஈரப்பதம்.

புகைப்படங்களை லெமினேட் செய்யாதீர்கள். சிக்கிய ஈரம் உள்ளேயே இருந்து படத்தைத் தின்னும். பொலித்தீன் பைக்குள் போட்டு இறுக்கிக் கட்டினாலும் அதே கதைதான். சுவரோடு ஒட்டாத அலுமாரியில், தரையிலிருந்து உயரத்தில், அமிலமில்லாத கடதாசி உறையில் வையுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலங்களை மாதம் ஒருமுறை மாற்றுங்கள். படத்தின் பின்புறம் பேனாவால் எழுத வேண்டாம். மெல்லிய பென்சிலால் ஓரத்தில் இடமும் தேதியும் எழுதினால் போதும். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஒரு பிரதியை வேறொரு வீட்டில் வைத்துவிடுங்கள். மண்சரிவு அபாயமுள்ள லயத்தில் இருப்பவருக்கு இது சம்பிரதாயப் புத்திமதி அல்ல.

மாதிரி விமானம் கட்டுவதற்கு 72இல் ஒரு பங்கு அளவு மலிவு. ஜெட் புரோவோஸ்ட், சிப்மங்க் இரண்டும் அந்த அளவில் வந்திருக்கின்றன. ஒட்டும் வேலையை எப்போதும் செய்யலாம். பெயின்ட் அடிப்பதற்குத்தான் காலம் பார்க்க வேண்டும். காற்றில் ஈரம் கூடிய நாளில் லாக்கர் பெயின்ட் அடித்தால், அது காயும்போது மேற்பரப்பு குளிர்ந்து, ஈரம் படிந்து, பால் கலந்ததுபோல வெளிறிவிடும். துணி விமானங்களுக்குப் பூச்சு அடிக்கும் பட்டறைகளுக்கும் இதே தலைவலிதான். அதனால்தான் அறையைச் சூடாக்கி, ஈரத்தை அளந்து பார்த்துவிட்டு வேலை தொடங்குகிறார்கள். ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் பெப்ரவரி, மார்ச் நல்ல மாதங்கள். ஆனி ஆடிச் சாரலில் பெயின்ட் டப்பாவைத் திறக்கவே வேண்டாம். பண்டாரவளை, பதுளைப் பக்கம் அதே ஆனி ஆடியில்தான் காய்ந்து கிடக்கும். அங்கே மார்கழியை விட்டுவிடுங்கள்.

பேட்டிக்கு ஆட்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். தியத்தலாவையில் விமானப்படையின் பயிற்சி முகாம் இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் ஓய்வுபெற்ற தொழில்நுட்பவியலாளர்கள், சமையற்காரர்கள், சாரதிகள் கிடைப்பார்கள். விமானியைவிட அவர்களுக்கு அதிகம் தெரியும். ஒலிப்பதிவு செய்ய முன் அனுமதி கேளுங்கள். இன்றைய முகாம் விவரம் எதையும் கேட்காதீர்கள். ஐம்பது வருடத்துக்கு முந்தியதைக் கேளுங்கள். ஐயா, அந்தக் காலத்தில் எந்தப் பாகம் அடிக்கடி பழுதாகும் என்று தொடங்கினால் பேச்சு தானாக ஓடும்.

ஆறாம் படி: தொடக்கூடாதவை

நோர்ட்டன் பிரிட்ஜ், மஸ்கெலியாப் பக்கத்தவர்களுக்கு 1974 டிசம்பர் 4 தெரியும். ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றி இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து வந்த டச்சு நாட்டு டீசீ-8 பயணிகள் விமானம் சப்த கன்னியர் மலையில் மோதி, இருந்த 191 பேரும் இறந்தார்கள். அந்த மலையில் இன்று ஒரு தகட்டுத் துண்டு அகப்பட்டாலும் எடுத்து வராதீர்கள். அது போர் விமானமும் அல்ல, சேகரிக்கும் பொருளும் அல்ல, கல்லறை.

காட்டிலோ ஆற்றோரத்திலோ வேறெந்தப் பழைய உலோகம் கிடந்தாலும் தட்டிப் பார்க்கவோ வெட்டவோ வேண்டாம், பொலிசுக்குச் சொல்லுங்கள். இந்த இடத்தில் புதைத்திருக்கிறார்கள் என்று காதில் விழும் கதைகளைக் கொஞ்சம் தள்ளியே வையுங்கள். யாங்கோன் விமான நிலையத்தில் ஸ்பிட்பயர்களைப் பெட்டியில் போட்டுப் புதைத்திருக்கிறார்கள் என்று நம்பி, 2013இல் பெரும் செலவில் தோண்டினார்கள். ஒன்றும் இல்லை.

பழைய விமானக் கருவிகள் இணைய ஏலத்தில் மலிவாகத் தோன்றும். 1940களில் அவற்றின் முள்ளும் எழுத்துகளும் இருட்டில் ஒளிர ரேடியம் பூசினார்கள். ஒளி அணைந்துபோயிருக்கும், கதிர்வீச்சு போயிருக்காது. ரேடியத்தின் கதிர்வீச்சு பாதியாகக் குறையவே 1,600 வருடம் ஆகும். கண்ணாடியைத் திறக்காதீர்கள், சுரண்டாதீர்கள், பிள்ளைகள் உள்ள வீட்டுக்குக் கொண்டுவரவே வேண்டாம். துப்பாக்கிப் பாகம், விமானி தப்புவதற்கான வெளியேற்று ஆசனத்தின் வெடிப்பொறி போன்றவற்றைக் கனவிலும் வாங்காதீர்கள். மற்றப் பொருள்களுக்கும் பணம் கட்டுவதற்கு முன் சுங்கத் திணைக்களத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: கையால் வேலை செய்ய ஆசையிருந்தால்

தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு விமானம் என்றால் விமானிதான் நினைவுக்கு வருகிறார். மீட்டெடுப்புத் துறைக்கு வேண்டியவர்கள் தகடு வளைப்பவர், வெல்டிங் செய்பவர், மரவேலைக்காரர், துணி தைப்பவர். தொழில்நுட்பக் கல்லூரியில் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழோடு ஒரு கைத்தொழிலை முடித்துக்கொள்வது முதல் கதவு. அதற்குமேல் விமானப் பராமரிப்புப் படிப்புகள் இரத்மலானைப் பக்கம் இருக்கின்றன. கட்டணம் கட்டுவதற்கு முன், அந்தப் படிப்பு சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரத்துக்கு ஏற்றதா என்று அதிகாரசபையிடமே கேளுங்கள், நிறுவனத்தின் துண்டுப்பிரசுரத்தை நம்பாதீர்கள். விமானப்படைத் தொழில்நுட்பப் பிரிவு இன்னொரு வழி. அது தனிப்பட்ட தீர்மானம். நான் அதில் வாய் வைக்கவில்லை.

வெளிநாட்டுத் தொகுப்புகளுக்கு எழுதலாம். பெரும்பாலானவை தன்னார்வலர்களால் இயங்குகின்றன. கேள்வி தெளிவாக இருந்தால் பதில் எழுதுவார்கள். ஆங்கிலம் அழகாக இருக்கத் தேவையில்லை. முதல் வரியில் விமானத்தின் தொடர் இலக்கத்தை எழுதுங்கள். ஒரு கடிதத்தில் ஒரு கேள்வி, அதுவும் ஒரு பாகத்தைப் பற்றியதாக இருக்கட்டும்: சுக்கான் துணி எந்த வருடம் மாற்றியது, அசல் இறக்கைச் சட்டம் மிஞ்சியிருக்கிறதா என்பதைப் போல. நீங்கள் இரத்மலானையில் வரைந்த படத்தை இணைத்தால் கூடுதல் மரியாதை கிடைக்கும். மே முதல் செப்டெம்பர் வரை பிரித்தானியாவில் வான்காட்சிக் காலம். யாருக்கும் நேரம் இருக்காது. நவம்பரிலிருந்து பெப்ரவரிக்குள் எழுதுங்கள். அப்போதுதான் விமானங்களைக் கொட்டகைக்குள் பிரித்துப் போட்டிருப்பார்கள். நீங்கள் கேட்ட பாகத்தை எழுந்துபோய்ப் பார்த்துவிட்டே பதில் எழுத அவர்களால் முடியும்.